ஒன்பது மணிக்கு முன் உலக முடிவு: ஹோர்ட்டன் சமவெளிக்கு முதன்முறையாக நடக்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில், மலை செங்குத்தாக வெட்டி விழும் விளிம்புக்கு உலக முடிவு என்று பெயர். முதல் தடவை நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது நேரம் பத்தே முக்கால். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் ஒரே வெள்ளை. பள்ளத்தாக்கும் இல்லை, எதிர்மலையும் இல்லை. நீட்டிய கையின் விரல்களுக்கு அப்பால் எதுவுமே இல்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் பாறையில் உட்கார்ந்து, பனி விலகும் என்று காத்திருந்தது. நானும் அரை மணித்தியாலம் காத்திருந்தேன். விலகவில்லை. இரண்டாம் தடவை அதே மாதத்தில், அதே இடத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போனேன். காலடியில் மலை வெட்டி விழுந்து, கீழே தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசைகளின் கூரைகளும், அதற்கப்பால் ஒரு நீர்த்தேக்கத்தின் மினுக்கமும் தெரிந்தன.

இரண்டு பயணத்துக்கும் இடையே வித்தியாசம் நேரம் மட்டும்தான். ஹோர்ட்டன் சமவெளியில் காலை ஒன்பது, பத்து மணியளவில் கீழ்ப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று வெயிலில் சூடேறி மேலெழுந்து, செங்குத்துப் பாறையில் மோதிப் பனிமூட்டமாகிவிடும். அது வந்தபிறகு நீங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. அதனால் இந்தப் பயணத்தை முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திட்டமிட வேண்டும். "எட்டரைக்கு உலக முடிவில் நிற்கிறேன்" என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒழுங்காக வந்து அமரும்.

எந்த இடம் இது

நுவரெலியாவிலிருந்து ஏறக்குறைய 32 கிலோமீற்றர் தூரத்தில், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே, புல்வெளியும் மேகக்காடும் கலந்து கிடக்கிற மேட்டுநிலம். சிங்களத்தில் மகா எலிய, அதாவது பெரிய வெளி என்பது இதன் பழைய பெயர். 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் பின்னால் வந்து ஒட்டியது. 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டையும் நக்கிள்ஸ் மலைத்தொடரையும் சேர்த்து, மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இலங்கையின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் ஜீப்பை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். இங்கே வாகனத்தை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பலர் சஃபாரி என்று நினைத்துக்கொண்டு ரப்பர் செருப்போடு வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வழமையான சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீற்றர். நின்று பார்த்து நடந்தால் மூன்றரை முதல் நான்கு மணித்தியாலம் ஆகும்.

மாதமும் கிழமையும்

ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், பாதை காய்ந்திருக்கும். ஆனால் அதிகாலைக் குளிர் கடுமையாக இருக்கும். சில நாட்களில் புல் நுனியெல்லாம் உறைபனி பிடித்து, சூரியன் பட்டதும் வெள்ளிபோல் மின்னிக் கரைந்துவிடும். அதைப் பார்க்கவாவது ஒருமுறை ஜனவரியில் போகலாம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வெளியைத் துடைத்துக்கொண்டு வீசும். அந்த மாதங்களில் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். நடை அப்போதும் அழகுதான். பள்ளத்தாக்குக் காட்சி கிடைத்தால் லாபம் என்ற மனநிலையோடு போங்கள்.

ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டத்தில் நிரம்பி வழியும். அறையும் கிடைக்காது, அதிகாலைப் பாதையிலும் வாகன வரிசை. பௌர்ணமி விடுமுறையான போயா தினங்கள், நீண்ட வாரஇறுதிகள், பாடசாலை விடுமுறை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். செவ்வாய், புதன் போன்ற நடுவாரக் கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பாதையில் உங்கள் காலடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நடக்கலாம். ஒருநாள் விடுப்பு எடுத்தாவது நடுவாரத்தில் போவதுதான் நல்லது என்பேன். சத்தம் போடுகிற கூட்டத்தில் மரை மானும் நிற்காது, பறவையும் நிற்காது.

முதல் நாள் இரவு எங்கே

கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ அன்றே கிளம்பி வந்து பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் நாளே மலைக்கு வந்து தங்கிவிட வேண்டும். வசதியானது நுவரெலியா. ரயிலில் வருகிறவர்கள் நானுஓயாவில் இறங்கி அங்கே போகலாம். தங்குமிடங்களில் சொன்னால் வானோ முச்சக்கர வண்டியோ ஒழுங்குசெய்து தருவார்கள். ஜீப் தேவையில்லை. சாரதியிடம் மூன்று விடயங்களை இரவே பேசி முடியுங்கள்: எத்தனை மணிக்குப் புறப்படுவது, மேலே காத்திருக்கும் நேரம் கூலியில் அடங்குமா, பூங்காவுக்குள் வாகனத்துக்கான கட்டணத்தை யார் கட்டுவது. காலை ஐந்து மணிக் குளிரில் இந்தப் பேச்சை ஆரம்பித்தால் இருவருக்கும் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

எனக்குப் பிடித்தது ஒஹிய வழி. கொழும்பு–பதுளை ரயில் பாதையில் பட்டிப்பொலதான் நாட்டிலேயே உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம். அதைத் தாண்டி ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும்போது வானிலையே மாறியிருக்கும். ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வெயில் என்று எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அடுத்த நிலையம் ஒஹிய. சின்ன நிலையம், சில கடைகள், எளிமையான சில தங்குமிடங்கள். இங்கிருந்து பூங்காவின் நடைத் தொடக்கம் வரை ஏற்றப் பாதை ஏறக்குறைய 11 கிலோமீற்றர். கால்பலம் உள்ளவர்கள் நடந்தே ஏறுகிறார்கள். ஆனால் அந்த ஏற்றமும் ஒன்பதரை கிலோமீற்றர் சுற்றும் திரும்பி இறங்குவதும் ஒரே நாளில் என்றால் முப்பது கிலோமீற்றரைத் தாண்டிவிடும். புதியவர்களுக்கு வேண்டாம். மேலே முச்சக்கர வண்டியில் போய், நடை முடிந்தபிறகு கீழே நடந்து இறங்குவது நல்ல சமரசம்.

பகல் ரயிலில் வந்து ஒஹியவில் இறங்கி அப்படியே உலக முடிவைப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பகல் ரயில் வருவதற்குள் பனி வந்துவிடும். இரவுத் தங்கல் கட்டாயம்.

கடிகாரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள்

எட்டரைக்கு உலக முடிவு என்றால், ஃபார் இன் என்ற இடத்தில் ஆறே முக்காலுக்குள் நடை தொடங்க வேண்டும். பிரித்தானியர் கால வேட்டை விடுதி அது. இன்று பார்வையாளர் நிலையம். வாகனம் அங்கேதான் நிற்கும். அதற்குச் சில கிலோமீற்றர் முன்னாலேயே நுழைவுச்சீட்டுக் கருமபீடம் வந்துவிடும். வாயில் திறப்பது காலை ஆறு மணிக்கு. ஆகவே ஆறுக்கு முன் வரிசையில் நிற்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து அம்பேவலை, பட்டிப்பொல வழியாக ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகும். அப்படியானால் நாலரைக்கும் நாலே முக்காலுக்கும் இடையில் கிளம்ப வேண்டும். அலாரம் நாலு மணிக்கு. பிள்ளைகளுக்கு இரவே உடுப்பை மாட்டிப் படுக்க வைத்தால் காலையில் தூக்கி வாகனத்தில் போட்டுக்கொண்டு போகலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

உள்ளூர்வாசிகளுக்கும் வெளிநாட்டவர்களுக்கும் கட்டணம் வேறு வேறு, இடையிடையே மாறவும் செய்யும். கிளம்பும் வாரத்தில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் தளத்தைப் பாருங்கள். உள்ளூர்வாசிகள் அடையாள அட்டையையும் வெளிநாட்டவர்கள் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். சில்லறைப் பணமும் வேண்டும்.

பை

பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது. வெறும் அறிவித்தல் பலகையோடு முடிகிற விடயமில்லை இது. நடைத் தொடக்கத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் உத்தியோகத்தர் நிற்பார். பையைத் திறந்து காட்டச் சொல்வார். பிஸ்கட் பக்கற்றைப் பிரித்துப் பிஸ்கட்டைக் கடதாசிப் பைக்குள் போடச் சொல்லி, மினுமினுப்பு உறையைத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். தண்ணீர்ப் போத்தலின் பெயர்த்தாளைக்கூட ஒரே இழுப்பில் உரித்து எடுத்துவிடுவார். பின்னால் வரிசை நீளும், வெளிச்சம் ஏறும், உங்கள் நேரம் போகும்.

இதை வீட்டிலேயே செய்துவிட்டால் அந்த மேசையை அரை நிமிடத்தில் தாண்டலாம். கடையில் சோற்றுப் பார்சல் வாங்கினால் அது லஞ்ச் சீற்றில் சுற்றித்தான் வரும், அதுவும் பொலித்தீன்தான். வாழையிலையிலோ மூடியுள்ள பெட்டியிலோ கட்டிக்கொள்ளுங்கள். பாணும் சம்பலும், அவித்த முட்டை, வாழைப்பழம் போதும். தண்ணீருக்கு உலோகப் போத்தல், ஆளுக்கு ஒரு லீற்றராவது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் கண்ணெதிரே நிற்கும். ஃபார் இன் பக்கம் மரைகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. உணவு மணக்கும் உறையை அவை உறையென்று பிரித்தறியாது, அப்படியே விழுங்கும். ஆசையாகப் பிஸ்கட் நீட்டுகிறவர்களைத் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பழக்கம்தான் மரையைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்து வருகிறது.

உடுப்பைப் பொறுத்தவரை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதுதான் வழி. ஆறு மணிக்குச் சுவெட்டரும் காதை மூடும் தொப்பியும் இல்லாமல் நிற்க முடியாது; ஒன்பது மணிக்கு அதே சுவெட்டர் பாரம். உள்ளே பருத்திச் சட்டை, மேலே சுவெட்டர், அதன்மேல் மழையும் காற்றும் புகாத மெல்லிய மேலங்கி. குளிராக இருக்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். திறந்த புல்வெளியில், இந்த உயரத்தில், வெயில் தோலைச் சுட்டுவிடும்; கழுத்திலும் மூக்கிலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். சப்பாத்து அடிப்பாகம் பிடிப்புள்ளதாக இருக்கட்டும். புதுச் சப்பாத்தை அன்றுதான் முதலில் போடுவது என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஃபார் இன்னில் கழிப்பறை இருக்கிறது. தேவை இல்லை என்று தோன்றினாலும் போய்விட்டே நடையைத் தொடங்குங்கள்.

நடை

தொடக்கத்தில் பாதை புல்வெளிக்குள் மெல்ல இறங்கும். கொஞ்சத் தூரம் போனதும் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் முதலில் சிறிய உலக முடிவு என்ற சின்ன விளிம்பு, பிறகு நாம் தேடிவந்த பெரியது, திரும்பி வரும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி. வலப்பக்கம் போனால் இதே சுற்று தலைகீழாக வரும். முதன்முறை வருகிறவர்கள் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்புங்கள். நீர்வீழ்ச்சி பனியிலும் நீர்வீழ்ச்சிதான், அது காத்திருக்கும். பள்ளத்தாக்கு காத்திருக்காது.

இந்தப் பகுதி கரடுமுரடானது. வேர்கள், உருளைக் கற்கள், மழைநீர் அரித்த பள்ளங்கள். மேகக்காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறையும். குட்டையாக, முறுக்கேறி வளர்ந்த மரங்கள். தண்டெல்லாம் பாசி, கிளையெல்லாம் நரைத்தாடிபோல் தொங்கும் கற்பாசி. கினா மரத்தின் தலை மட்டும் குடையை விரித்தமாதிரித் தட்டையாகத் தெரியும். இடையிடையே பட்டுப்போய் நரைத்து நிற்கும் மரங்களும் இருக்கும். இந்தக் காட்டின் ஒரு பகுதி நெடுநாளாகவே இப்படி நின்ற நிலையில் காய்ந்து வருகிறது.

சிறிய உலக முடிவில் ஐந்து நிமிடம் போதும். அங்கேயே தங்கிப் படம் எடுத்துக்கொண்டு இருந்துவிட்டால் பெரியதைத் தவறவிடுவீர்கள். பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டு நடையைத் தொடருங்கள்.

பெரிய உலக முடிவில் நிலம் 800 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக இறங்குகிறது. கீழே தெரிவது நொன்பரேல் தேயிலைத் தோட்டம். அதிகாலையில் லயன்களிலிருந்து அடுப்புப் புகை நேர்கோடாக எழும்புவது இங்கிருந்து தெரியும். நம்மவர்கள் அந்தச் சரிவில் கொழுந்துக் கூடையோடு வேலைக்குப் புறப்படுகிற நேரம் அது. தூரத்தில் சமனல வாவி. மிகத் தெளிவான நாளில் தெற்கே கடலின் கோடும் தெரியும் என்பார்கள். எனக்கு இன்னும் அந்த நாள் வாய்க்கவில்லை.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2015இல் மனைவியைப் படம் பிடிப்பதற்காகப் பின்பக்கமாக அடியெடுத்து வைத்த ஒரு வெளிநாட்டுப் பயணி இங்கிருந்து விழுந்தார். கீழே இருந்த மரத்தில் மாட்டியதால் உயிர் பிழைத்தார். இராணுவத்தினர் இறங்கி மீட்டார்கள். எல்லோருக்கும் மரம் கிடைக்காது. கமராவைக் கண்ணில் வைத்திருக்கும்போது கால் அசையக் கூடாது. நடக்க வேண்டுமென்றால் கமராவை இறக்கிவிட்டு நடங்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்திருங்கள். பனி ஏறும்போது பாறை நனைந்து வழுக்கும், விளிம்பு எங்கே முடிகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் இரண்டு மூன்று அடி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவதே நல்லது. காலைச் சாப்பாட்டுக்கும் அதுதான் சரியான இடம்.

திரும்பும் வழி

இலக்கைப் பார்த்தாயிற்று என்று இனி விறுவிறுவென்று நடந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கோ இங்கிருந்துதான் சமவெளியே ஆரம்பிக்கிறது. அவசரம் தீர்ந்துவிட்டது, மெதுவாக நடங்கள். புதரோரக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒருமுறை, காய்ந்த குச்சி என்று நினைத்து நான் கை வைக்கப் போன இடத்தில் ஒரு பல்லியினம் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு நுனியில் வெள்ளையாக, நிமிர்ந்த சின்னக் கொம்பு. இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. குனிந்து பார்த்த ஐந்து நிமிடமும் அது கண்ணை மட்டுமே சுழற்றியது. அப்புறம் தோள் குலுக்கியமாதிரி ஒரு அசைவு, இலைக்குள் மறைந்துவிட்டது.

யானைகள் இங்கே ஒருகாலத்தில் இருந்தன, இன்று இல்லை. சிறுத்தை இருக்கிறது; பகலில் உங்கள் கண்ணில் படுவது அபூர்வம், எச்சத்தையோ பாதச் சுவட்டையோ பாதையில் காணலாம். அடர்ந்த உரோமம் கொண்ட ஊதாமுக மந்திகளின் குரல் காட்டுக்குள்ளிருந்து வரும். நம் குறிஞ்சியின் உறவான நெலுச் செடி பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும். பூக்காத ஆண்டுகளில் அது சும்மா பச்சைப் புதர், கடந்து போய்விடுவோம்.

பேக்கர் நீர்வீழ்ச்சி ஏறக்குறைய 20 மீற்றர் உயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கரின் பெயரால் வழங்குகிறது. பெலிகுல்ஓயா ஆறு இங்கே பாறையில் விசிறிபோல் விரிந்து விழும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த இறக்கமும் ஏற்றமும்தான் முழு நடையிலும் கடினமான இடம். ஒரு கைத்தடி இருந்தால் நல்லது. தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. பாறை வழுக்கும், நீர் உயிரை வாங்கும்.

மிச்ச வழி திறந்த புல்வெளி. குறுக்கே வெட்டி நடந்தால் தூரம் குறையும் என்று தோன்றும். செய்யாதீர்கள். இந்தப் புல்லுக்கடியில் நிலம் நனைந்த பஞ்சுமாதிரி இருக்கும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீர் ஊறி இறங்குவது இந்தப் பஞ்சிலிருந்துதான். ஒருவர் மிதித்த தடத்தில் அடுத்தவர் மிதிப்பார். பிறகு மழை வந்து அந்தத் தடத்தை வாய்க்காலாக்கிவிடும்.

இரண்டாவது நாள் இருந்தால்

பட்டிப்பொலப் பக்க வாயிலிலிருந்து ஃபார் இன்னுக்குப் போகும் தெருவோரத்திலேயே தொட்டுபொல மலைக்கான பாதை தொடங்குகிறது. நாட்டின் மூன்றாவது உயரமான சிகரம், 2,357 மீற்றர். ஆனால் நீங்கள் ஏற்கெனவே உயரத்தில் நிற்பதால் ஏற்றம் குறுகியது. போய்வர இரண்டு மணித்தியாலம் போதும், கூட்டமும் இருக்காது. இரண்டாவது உயரமான கிரிகல்பொத்த வேறு ரகம். ஃபார் இன்னிலிருந்து சேற்றுநிலமும் காடுமாக ஒரு முழு நாளைக் கேட்கும். பனி இறங்கினால் தடம் குழம்பும். பாதை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, நுழைவாயிலில் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் பயணத்தில் அதை ஆசைப்பட வேண்டாம், தொட்டுபொல போதும். அதையும் காலையிலேயே ஏறிவிடுங்கள்.